உரிமம் யாருக்குக் காவல்?

வியன்னா நகரத்தில் வசிக்கும் ஒருவர், தம் தேசத்தின் உரிமம் பெறாத இணையச் சூதாட்டத் தளம் ஒன்றில் மாதக்கணக்கில் பணத்தைத் தோற்று, பின்பு நியாயஸ்தலத்தை நாடி, இந்தக் கம்பெனி ஆஸ்திரியாவில் ஆட்டம் நடத்த அனுமதி பெற்றதே இல்லை, ஆகையால் எங்களுக்குள் ஏற்பட்ட ஒப்பந்தம் செல்லாது, நான் இழந்ததைத் திருப்பித் தரவேண்டும் என்று வாதாடி வெற்றியும் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்திரியாவின் உச்ச நீதிமன்றமும் ஜெர்மனியின் நீதிமன்றங்கள் பலவும் இவ்விதமான வழக்குகளில் ஆடியவருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்து வந்திருக்கின்றன. அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு, கம்பெனி பதிவாகியிருக்கும் மால்டா தீவுக்குப் போய்ப் பணத்தை வசூலிக்க முயன்றால், அங்கே கதவு சாத்தியிருக்கிறது. 2023-ஆம் ஆண்டில் மால்டாவின் பார்லிமெண்டு தன் சூதாட்டச் சட்டத்தில் 56ஏ என்னும் பிரிவைச் சேர்த்து, மால்டாவின் உரிமம் பெற்று அதன் சட்டப்படி நடக்கும் கம்பெனிக்கு எதிராக அந்நிய நீதிமன்றம் அளிக்கும் தீர்ப்பு, அந்தத் தொழிலின் சட்டப்பூர்வத் தன்மைக்கே ஊறு விளைவிப்பதாயிருந்தால், அதைத் தன் நீதிமன்றங்கள் ஏற்கவும் நிறைவேற்றவும் கூடாது என்று விதித்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓர் அங்கத்தின் தீர்ப்பை மற்றோர் அங்கம் மதித்து நிறைவேற்றவேண்டும் என்பது அடிப்படை நியதி. அந்த நியதிக்கு இப்பிரிவு விரோதமானது என்று கருதி ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூனில் மால்டாவின்மீது நடவடிக்கை தொடங்கியது.

ஐரோப்பாவின் சூதாட்ட விவகாரத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சம்பவத்தைக் கவனித்தாலே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. சூதாட்டத்தை அனுமதிப்பதா, தடுப்பதா என்ற பழைய கேள்வியை அந்தக் கண்டம் பெரும்பாலும் கடந்துவிட்டது. ஏறக்குறைய எல்லாத் தேசங்களும் ஏதோ ஒரு விதத்தில் அனுமதிக்கின்றன. இப்போது மிஞ்சியிருக்கும் கேள்வி, பணத்தை இழப்பவர் ஓரிடத்திலும் அதைப் பெறுபவர் வேறிடத்திலும் இருக்கையில் எந்த தேசத்தின் சட்டம் செல்லும் என்பதுதான். இழப்பவர் வசிக்கும் தேசத்தின் சட்டமே செல்லவேண்டும் என்பது என் அபிப்பிராயம். நஷ்டத்தின் பலன் முழுவதும், கடனாகவும் குடும்பக் கலகமாகவும் சில சமயம் உயிர்ச் சேதமாகவும், அங்கேதான் விழுகிறது. அதைத் தாங்கும் சமூகத்துக்கே அதைத் தடுக்கும் அதிகாரமும் இருக்கவேண்டும்.

ஒன்றியம் முழுவதுக்கும் பொதுவான சூதாட்டச் சட்டம் ஒன்று கிடையாது. மின்வணிகத்தைப் பற்றி 2000-ஆம் ஆண்டிலும் சேவைத் தொழில்களைப் பற்றி 2006-ஆம் ஆண்டிலும் பொது விதிகள் இயற்றியபோது, சூதாட்டத்தை மட்டும் வேண்டுமென்றே அவற்றிலிருந்து விலக்கி வைத்தார்கள். மதம், ஒழுக்கம், பண்பாடு ஆகியவற்றில் தேசத்துக்குத் தேசம் வேறுபாடு இருப்பதால் அவரவர் தீர்மானத்துக்கு விட்டுவிடுவதே நலம் என்று எண்ணினார்கள். சட்டம் இயற்றுவோர் விட்ட இடத்தை லக்ஸம்பர்க் நகரத்திலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு மேல் தீர்ப்பாக நிரப்பவேண்டியதாயிற்று.

அந்தத் தீர்ப்புகளில் 2003 நவம்பரில் வந்த கம்பெல்லி வழக்கு என் மனத்தில் தனி இடம் பெற்றது. லிவர்பூல் நகரத்துப் பந்தயக் கம்பெனி ஒன்று, இத்தாலியின் பல ஊர்களில் சிறு ஏஜென்சி நிலையங்களைத் திறந்து, அங்கே வந்து பந்தயம் கட்டுவோரின் சீட்டுகளை இணையத்தின் வழியாக இங்கிலாந்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இத்தாலிய அதிகாரிகள் அந்த நிலையங்களை நடத்தியவர்கள்மீது கிரிமினல் வழக்குத் தொடுத்தார்கள். பொது ஒழுங்கைக் காப்பதற்காகவே தடுக்கிறோம் என்று சர்க்கார் தரப்பு கூறியபோது, நீதிமன்றம் கேட்ட கேள்வி நெஞ்சில் தைப்பது. சொந்தப் பொக்கிஷத்தை நிரப்பும் பொருட்டுத் தன் பிரஜைகளை லாட்டரியிலும் பந்தயத்திலும் ஈடுபடும்படி தூண்டிக்கொண்டிருக்கும் ஓர் அரசு, சூதாட்டத்தைக் குறைப்பதற்காகவே அந்நியரைத் தடுக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது என்பதே அதன் சாரம். 2009-ஆம் ஆண்டில், லிஸ்பனில் 1498 முதல் இருந்துவரும் தர்ம ஸ்தாபனத்துக்கு லாட்டரி ஏகபோகம் அளித்திருந்த போர்ச்சுகல், ஜிப்ரால்டரின் உரிமம் பெற்ற கம்பெனியைத் தடுத்த வழக்கில், இன்னொரு தேசத்தின் உரிமம் கையிலிருக்கிறது என்பதற்காக நம் தேசத்தில் அதை ஏற்கவேண்டிய கட்டாயமில்லை என்றும் அதே நீதிமன்றம் தெளிவாக்கியது. இவ்விரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால், காப்பதற்கான அதிகாரம் ஒவ்வொரு தேசத்துக்கும் உண்டு, ஆனால் மெய்யாகவே காக்கிறவனுக்குத்தான் அந்த அதிகாரம் உண்டு என்ற தர்மம் புலப்படும். மால்டாவின் 56ஏ பிரிவு தடுக்கும் தீர்ப்புகளை அளித்த ஆஸ்திரியாவும் இந்த அளவுகோலுக்கு உட்பட்டதே. ஒரே ஓர் இணையக் காசினோவுக்கு ஏகபோகம் அளித்துவிட்டு, அந்த ஏகபோகத்தை விளம்பரங்களால் வளர்க்கும் ஒரு தேசம், ஆடுவோரின் நலனுக்காகவே அப்படிச் செய்கிறோம் என்று கூறினால், அதையும் சோதித்துப் பார்த்தே ஏற்கவேண்டும்.

பிரிட்டனின் அனுபவம் விரிவாகச் சொல்லத் தக்கது. 1968-ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் ஒரு கொள்கையைப் பின்பற்றி வந்தது: மக்களிடம் தானாகவே இருக்கும் சூதாட்ட ஆசைக்கு ஓர் எல்லைக்குள் இடம் கொடுக்கலாம், இல்லாத ஆசையைத் தூண்டிவிடலாகாது என்பது. பெருந்தன்மையும் எச்சரிக்கையும் கலந்த அந்தக் கொள்கையை 2005-ஆம் ஆண்டின் புதுச் சட்டம் கைவிட்டது; சூதாட்டம் மற்றப் பொழுதுபோக்கு வியாபாரங்களைப் போன்றதே என்ற எண்ணம் மேலோங்கி, தொலைக்காட்சியில் விளம்பரங்கள் பெருகின. அதே சமயம், பெரிய பந்தயக் கம்பெனிகள் தங்கள் இணைய வியாபாரத்தை ஜிப்ரால்டருக்கும் சில தீவுகளுக்கும் மாற்றிக்கொண்டு, அங்கே குறைந்த வரி செலுத்தி, பிரிட்டிஷ் குடும்பங்களின் வரவேற்பறைகளுக்குள் அங்கிருந்தபடியே வியாபாரம் செய்தன. 2014-ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, கம்பெனி எங்கே இருந்தாலும் சரி, பிரிட்டனில் இருப்பவரோடு ஆட்டம் நடத்தினால் பிரிட்டிஷ் ஆணையத்தின் உரிமம் பெறவேண்டும் என்றும், வரியை இங்கேயே கட்டவேண்டும் என்றும் விதித்தார்கள். ஜிப்ரால்டர் கம்பெனிகளின் சங்கம் நீதிமன்றம் சென்று தோற்றது. எவ்வளவோ விதிகள் பின்னால் வந்தாலும், அடிப்படையான சீர்திருத்தம் இதுவே என்று கருதுகிறேன். ஆடுகிறவன் இருக்கும் இடத்திலேயே சட்டமும் இருக்கவேண்டும் என்பதை அது ஒரே வாக்கியத்தில் நிலைநாட்டியது.

ஆனால் உரிமம் கொடுத்துவிட்டால் மட்டும் போதுமா? ஸ்லாட் என்னும் சுழல் ஆட்டத்தை அருகிலிருந்து பார்த்தால் விடை கிடைக்கும். ஒருவர் ஒரு பவுன் கட்டிப் பொத்தானை அழுத்துகிறார். படங்கள் சுழன்று நிற்கின்றன. 40 பென்ஸ் திரும்ப வருகிறது. உண்மையில் அவர் 60 பென்ஸ் இழந்திருக்கிறார். ஆனால் திரையில் ஒளிவெள்ளம் பாய்கிறது, நாணயங்கள் கொட்டும் ஓசை எழுகிறது, வெற்றி பெற்றவருக்குரிய சங்கீதம் ஒலிக்கிறது. தோற்றவனை வென்றவனாக உணரச் செய்யும் இந்த ஏற்பாடு தற்செயலாக அமைந்ததல்ல. மனித மனம் எங்கே வழுக்கும் என்று ஆராய்ந்தறிந்தவர்கள் அமைத்தது. கட்டிய பணத்துக்கு மேல் திரும்ப வராத ஆட்டத்தை வெற்றியைப் போல் கொண்டாடக்கூடாது என்று பிரிட்டிஷ் ஆணையம் 2021-ல் விதித்தது. ஒரு சுழற்சிக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டரை வினாடியாவது ஆகவேண்டும், கையெடுத்தபின்பும் தானாகச் சுழலும் வசதி கூடாது என்றும் சேர்த்தது. அதுவரை இவையனைத்தும் உரிமம் பெற்ற தளங்களிலேயே, சட்டத்தின் நிழலிலேயே, நடந்துகொண்டிருந்தன என்பதை வாசகர்கள் மறக்கவேண்டாம்.

2020-ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபையின் குழு ஒன்று வெளியிட்ட அறிக்கை, சூதாட்டத் தொழிலின் லாபத்தில் 60 சதவீதம், ஏற்கெனவே சூதுக்கு அடிமையானவர்களோ அடிமையாகும் அபாயத்திலிருப்பவர்களோ ஆன 5 சதவீதத்தினரிடமிருந்தே வருகிறது என்று கூறியது. இந்த ஒரு வாக்கியத்தைப் படித்தபின், பொறுப்புடன் ஆடுங்கள் என்று கம்பெனிகள் விளம்பரத்தின் அடியில் அச்சிடும் அறிவுரையை எவ்விதம் மதிப்பது? எல்லோரும் பொறுப்புடன் ஆடினால் அந்தத் தொழிலின் லாபத்தில் பெரும்பகுதி மறைந்துபோகும். பிள்ளைகளைச் சூதாட்டத்துக்குப் பலி கொடுத்த பெற்றோர்கள் 'கேம்ப்ளிங் வித் லைவ்ஸ்' என்ற அமைப்பை ஏற்படுத்தி, ஒவ்வொரு மரணத்திலும் சட்டத்தின் பங்கு என்ன என்று விடாமல் கேட்டார்கள். 2022-ல் ஷெஃபீல்ட் நகரத்தில் நடந்த மரண விசாரணை ஒன்றில், அரசின் கட்டுப்பாடும் எச்சரிக்கையும் சிகிச்சை வசதியும் போதாமலிருந்ததையே விசாரணை அதிகாரி எடுத்துரைத்தார். கிரெடிட் கார்டால் பந்தயம் கட்டுவதற்கு 2020 ஏப்ரலில் தடை வந்தது. ஒரு சுழற்சிக்கு 5 பவுனுக்கு மேல் கட்டக்கூடாது, 18 முதல் 24 வயதுவரை உள்ளவர்கள் 2 பவுனுக்கு மேல் கட்டக்கூடாது என்ற வரம்பு 2025-ல்தான் வந்தது. இருபது வருஷங்கள்! 2005-ஆம் ஆண்டின் சட்டத்தை இயற்றும்போதே யோசித்திருக்கவேண்டிய ஒரு காரியத்துக்கு இரண்டு தசாப்தங்களும் எத்தனையோ குடும்பங்களின் கண்ணீரும் தேவைப்பட்டன.

ஜெர்மனி வேறு வழியைத் தேர்ந்தது. 2021 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த மாநிலங்களின் உடன்படிக்கையின்படி, ஒரு சுழற்சிக்கு ஒரு யூரோவுக்கு மேல் கட்ட முடியாது. ஒரு சுழற்சி ஐந்து வினாடியாவது நீடிக்கவேண்டும். சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரிட்டனில் இரண்டரை வினாடிக்கு ஒன்றாக மணிக்கு 1,440 சுழற்சிகள். ஒவ்வொன்றுக்கும் 5 பவுன் என்றால் ஒரு மணி நேரத்தில் 7,200 பவுன்வரை பந்தயத்தில் வைக்கலாம். ஜெர்மனியில் மணிக்கு 720 சுழற்சிகள், 720 யூரோ. வைத்த பணமெல்லாம் தோற்ற பணமாகிவிடாது என்பது உண்மையே. ஆயினும் ஒரு மனிதன் தன்னிலை மறந்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் அவனுக்கு எவ்வளவு பெரிய பள்ளத்தைச் சட்டம் திறந்து வைக்கிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

அதைவிட முக்கியமானது, ஹாலே நகரத்திலுள்ள பொது ஆணையத்தின் மேற்பார்வையில் இயங்கும் மத்தியப் பதிவேடு. ஜெர்மனியில் உரிமம் பெற்ற தளங்கள் எத்தனையில் கணக்குத் திறந்திருந்தாலும், அனைத்திலும் சேர்த்து ஒருவர் மாதத்துக்கு 1,000 யூரோவுக்கு மேல் பணம் கட்டமுடியாது என்பது பொது விதி. வசதியுள்ளவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. ஒருவர் பணம் கட்ட முனைந்தவுடன், அந்தத் தளம் மத்தியப் பதிவேட்டைக் கேட்கிறது. இம்மாதம் வேறெங்கோ 900 யூரோ கட்டியிருந்தால், இங்கே நூறுதான் கட்டலாம். ஒரே நேரத்தில் இரண்டு தளங்களில் ஆடவும் முடியாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதற்குச் சில நிமிஷங்கள் காத்திருக்கவேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் 24 மணி நேரத்துக்குக் கணக்கு பூட்டிக்கொள்ளும். கம்பெனி ஒவ்வொன்றும் தனித்தனியே வரம்பு வைத்தால், ஒரு கடையில் கடன் நின்றதும் அடுத்த கடைக்குப் போகும் குடிகாரனைப் போல ஆடுகிறவன் தளத்துக்குத் தளம் போய்க்கொண்டிருப்பான். பெல்ஜியத்தில் வாரத்துக்கு 200 யூரோ என்ற வரம்பு தளத்துக்குத் தளம் தனித்தனியானது. பத்துத் தளங்களில் பத்து வரம்புகள். எல்லாத் தளங்களுக்கும் சேர்த்து ஒரே வரம்பு என்ற ஏற்பாட்டை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அரசாங்கம் நம் செலவைக் கண்காணிப்பதா என்று சுதந்திரத்தின் பெயரால் எழும் ஆட்சேபம் அலட்சியப்படுத்தத் தக்கதன்று. எனினும் கம்பெனியோ ஆடுகிறவனின் ஒவ்வோர் அழுத்தத்தையும் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது; அவனை மேலும் ஆடச் செய்வதற்காக அந்தத் தகவலைப் பயன்படுத்துவது நியாயமென்றால், அவனை நிறுத்துவதற்காக அரசு பயன்படுத்துவதை அநியாயம் என்று எப்படிச் சொல்வது?

மற்றத் தேசங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இத்தாலி 2018-ல் சூதாட்ட விளம்பரங்களை ஏறக்குறைய அறவே தடுத்தது. ஸ்பெயின் அவற்றைப் பின்னிரவு ஒரு மணி முதல் ஐந்து மணிவரை ஒதுக்கியது. பெல்ஜியம் குறைந்தபட்ச வயதை 2024-ல் 21 ஆக உயர்த்தியது. பிரான்சு 2010-ல் பந்தயத்தையும் போக்கரையும் இணையத்தில் அனுமதித்ததே தவிர, இணையக் காசினோவை இன்றளவும் அனுமதிக்கவில்லை. அயர்லாந்து, 1931, 1956-ஆம் ஆண்டுகளின் பழஞ்சட்டங்களை வைத்துக்கொண்டு இணைய யுகத்தைச் சமாளித்துவிட்டு, 2024-ல்தான் புதுச் சட்டம் கண்டது.

கட்டுப்பாட்டை எதிர்ப்பவர்கள் கூறும் வாதம் ஒன்று வலுவானது. வரம்புகளை இறுக்கி வரியை ஏற்றினால், ஆடுகிறவர்கள் உரிமமற்ற தளங்களுக்கு ஓடிவிடுவார்கள். அங்கே எந்தப் பாதுகாப்பும் கிடையாது என்கிறார்கள். இதற்கு நெதர்லாந்தை உதாரணம் காட்டுவார்கள். 2021 அக்டோபரில் சந்தையைத் திறந்த அந்த தேசம், பிறகு பொது விளம்பரங்களைத் தடுத்தது. மாதத்துக்கு 700 யூரோவுக்கு மேல் கட்ட விரும்புவோரின் சக்தியைச் சோதிக்கச் சொன்னது. வரியையும் 2025-ல் 34.2 சதவீதத்துக்கு ஏற்றியது. ஆடுவோரில் பெரும்பாலோர் உரிமம் பெற்ற தளங்களிலேயே ஆடினாலும், சூதாட்டத்தில் போகும் பணத்தில் ஏறத்தாழப் பாதி உரிமமற்ற தளங்களுக்குப் போய்விடுவதாக அந்நாட்டு ஆணையமே மதிப்பிட்டது. இதை மறுக்க முற்படுவது நேர்மையாகாது. பெருந்தொகை வைத்து ஆடும் சிலர் கட்டுப்பாட்டை விட்டு வெளியேறியிருக்கிறார்கள்.

ஆனால் அதிலிருந்து எந்த முடிவுக்கு வருவது? காவல் இருப்பதால் திருடர்கள் பின்வாசலைத் தேடுகிறார்கள் என்றால், முன்வாசல் காவலை எடுத்துவிடுவதா, பின்வாசலை அடைப்பதா? உரிமமற்ற தளம் ஒன்றும் ஆகாயத்தில் தொங்கவில்லை. அதற்கு ஒரு பாங்கு பணம் கடத்துகிறது. ஒரு மென்பொருள் கம்பெனி ஆட்டங்களைக் கொடுக்கிறது. ஒரு தேடுபொறி ஆட்களை அழைத்து வருகிறது. குராசோ போன்ற ஏதோ ஒரு தீவு ஒரு காகிதத்தையும் கொடுத்திருக்கிறது. நார்வே பணப் பட்டுவாடாவைத் தடுக்கிறது. போலந்து 2017 முதல் தடைசெய்த தளங்களின் பட்டியலை வைத்து இணைய வழியை அடைக்கிறது. இவ்வழிகளை ஒரு தேசம் தனியே கையாண்டால் பலன் குறைவு. ஒன்றியத்தின் இருபத்தேழு தேசங்களும் ஒன்றுகூடிக் கையாண்டால் பின்வாசல்கள் பெரும்பாலும் அடைபடும். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நம் பார்லிமெண்டு அடியோடு தடைசெய்திருப்பதால், இந்தப் பின்வாசல் விஷயம் இந்தியாவுக்கும் அந்நியமானதன்று. தடைசெய்த தேசமும் உரிமம் கொடுக்கும் தேசமும் ஒரே தீவுகளின் காகிதங்களோடுதான் போராடவேண்டியிருக்கிறது.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2014-ல் 15 சதவீதமாக இருந்த இணையக் காசினோ வரியைப் பிரிட்டன் 2019-ல் 21 ஆக்கி, 2026 ஏப்ரல் முதல் 40 ஆக்குவதாக அறிவித்தது. வரி உயர்வதை நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் வருமானம் கூடக் கூட, நஷ்டமடைகிறவனின் நஷ்டத்தில் அரசும் கூட்டாளியாகிவிடுகிறது என்ற பழைய ஆபத்தைக் கம்பெல்லி தீர்ப்பு முன்கூட்டியே உணர்த்தியது. 2025 முதல் கம்பெனிகளிடம் கட்டாயமாக வசூலித்துச் சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் தடுப்பு முயற்சிகளுக்குமே செலவிடும் தனித் தீர்வை ஒன்றையும் பிரிட்டன் விதித்திருப்பது, அந்த ஆபத்துக்கு ஓரளவு பரிகாரம்.

என் மனத்தை மிகவும் வருத்தும் விஷயம் ஒன்றைக் கூறி முடிக்கிறேன். தன் பலவீனத்தை உணர்ந்த ஒருவன், என்னை இனி எந்தத் தளமும் சேர்க்கக்கூடாது என்று தானே எழுதிக்கொடுக்கும் பதிவேடுகள் பல தேசங்களில் உண்டு. பிரிட்டனில் கேம்ஸ்டாப், ஸ்வீடனில் ஸ்பெல்பௌஸ், ஜெர்மனியில் ஓயாசிஸ், நெதர்லாந்தில் குரூக்ஸ். அந்தக் கையெழுத்தைப் போட ஒருவனுக்கு எவ்வளவு மனோபலம் வேண்டும் என்பது சூதில் சிக்கிய குடும்பத்தாருக்குத் தெரியும். ஆனால் அந்தந்த தேசத்தில் உரிமம் பெற்ற தளங்களை மட்டுமே அப்பதிவேடு கட்டுப்படுத்தும். இணையத்தில், 'கேம்ஸ்டாப்பில் சேராத காசினோ', 'ஸ்பெல்பௌஸ் இல்லாத காசினோ' என்று இதையே தங்கள் பெருமையாக விளம்பரப்படுத்தும் தளங்கள் இருக்கின்றன. நிறுத்தவேண்டும் என்று தீர்மானித்தவனையே தேடிப் பிடித்து மீண்டும் இழுக்கும் இந்த வியாபாரத்தைவிட இழிவானது வேறொன்றை நான் அறியேன். இதற்கு எந்தத் தேசத்தின் உரிமமும் எந்த நீதிமன்றத்தின் பாதுகாப்பும் கிடைக்கலாகாது.

ஆகையால் ஐரோப்பிய ஒன்றியம் செய்யவேண்டியவை இரண்டு. மால்டா தன் 56ஏ பிரிவை நீக்கும்வரை ஆணையம் தொடங்கிய நடவடிக்கையை லக்ஸம்பர்க் நீதிமன்றம்வரை கொண்டுசென்று முடிக்கவேண்டும். விலகிக்கொண்டவர்களின் பதிவேடுகளை ஒன்றோடொன்று இணைத்து, ஒரு தேசத்தில் கையெழுத்திட்டவனை மற்றெந்த அங்கத்தின் உரிமம் பெற்ற தளமும் சேர்க்கக்கூடாது என்று பொது விதி இயற்றவேண்டும். பொருளும் பணமும் ஆட்களும் எல்லை தாண்டுவதற்கு இத்தனை விதிகளை இயற்றிய ஒன்றியம், சூதைக் கைவிட விரும்பும் மனிதனின் கையெழுத்தும் எல்லை தாண்டுவதற்கு ஒரு விதியை இயற்ற முன்வரவேண்டும்.